லவன் தாமதித்த இரண்டு விநாடி

ஜேர்மனியின் எசன் நகரத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பனி ஒன்றில் லவன் வேலை செய்கிறான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கம்பனி வான் வண்டியை எங்காவது ஓரமாக நிறுத்தி, மடியில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு, ஒரு ஜப்பான்காரன் வீடியோ கேம் விளையாடுவதைக் கைத்தொலைபேசியில் பார்ப்பான். ஜப்பானிய மொழி அவனுக்கு ஒரு சொல்லும் விளங்காது. விளையாட்டையும் அவன் பெரிதாகக் கவனிப்பதில்லை. எத்தனை பேர் இந்த நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று திரையின் மூலையில் ஓர் எண் வரும். அவன் பார்ப்பது அதைத்தான். பதினெட்டாயிரம். இருபத்தோராயிரம். எண் குறைவான நாட்களில் சோறு நன்றாக இறங்கும். கூடின நாட்களில் பெட்டியைப் பாதியில் மூடிவிடுவான்.

அந்த ஜப்பான்காரனின் பெயர் இட்சுகி நிஷிவாகி. உலகத்துக்கு அவன் நிஷி. லவனுக்கு அவன் மூன்று வருடம் ஒரே அறையில் படுத்தெழும்பிய கூட்டாளி.

லவன் எசனிலேயே பிறந்தவன். தகப்பன் ஞானசுந்தரம் எண்பத்தைந்தாம் ஆண்டு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு இரும்புக் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நிரந்தரமானவர். தாய் பிரபாலினி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தா. ஒரே பிள்ளை. பக்கத்து நகரமான போகுமில் கணினி படிக்கப் போனவன் மூன்று தவணையோடு அதை விட்டுவிட்டு, இருபதாவது வயதில் லைப்சிக்குக்குப் போய் ஒரு விளையாட்டு அணியில் சேர்ந்தான். பந்து விளையாட்டு இல்லை. ஐந்து பேர் ஐந்து பேரோடு கணினித் திரையில் சுட்டு மோதுகிற விளையாட்டு. ஞானசுந்தரம் நாலு மாதம் மகனோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் தானே தொலைபேசி எடுத்தார்.

"சம்பளம் வருகுதோ?"

"ஓம் அப்பா."

"மருத்துவக் காப்புறுதி கட்டுறாங்களோ?"

"ஓம்."

"அப்ப சரி."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. என்ன விளையாட்டு, அதில் நீ என்ன செய்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

லவன் செய்தது என்னவென்றால், அவன் அணியின் கப்டன். நன்றாகச் சுடுகிறவன் என்று சொல்ல முடியாது. ஆனால் எதிரி எந்த வாசலால் வருவான், எந்தப் பக்கம் பொய்யாகச் சத்தம் போடுவான் என்று அவனுக்கு முன்கூட்டியே பிடிபடும். ஒலிவாங்கியில் அவன் ஒரு சொல் சொல்வான். மற்ற நால்வரும் அந்தப் பக்கம் திரும்புவார்கள். அந்தச் சொல் சரியான கணத்தில் வரவேண்டும். அதுதான் அவனுடைய தொழில்.

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு வசந்தத்தில் பயிற்சியாளர் ஃபீட்லர் புது ஆட்டக்காரன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பத்தொன்பது வயது. ஒரு பையும், துவாயில் சுற்றிய தன்னுடைய சொந்த மவுஸும் கொண்டுவந்திருந்தான். ஜேர்மன் தெரியாது. ஆங்கிலம் அரைகுறை. சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அணி வீட்டில் லவனின் அறையில்தான் இடம் இருந்தது. அவனுக்காக ஃபீட்லர் ஒரு கடதாசியில் பத்துச் சொற்களை எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினார். இடம், வலம், பொறு, மேலே, கதவு, இப்படி. கடைசிச் சொல் 'ட்ரெப்பெ'. படிக்கட்டு.

அந்தப் பத்துச் சொல்லையும் நிஷி இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான். அவனுடைய கை வேகத்தை லவன் அதற்கு முன் எங்கும் கண்டதில்லை. முதலாவது பகிரங்க ஆட்டத்தில் மற்ற நாலு பேரும் விழுந்த பிறகு, தனியாக நின்று மூன்று பேரை வீழ்த்தினான். எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதை எல்லாம் முதல்நாளே கடதாசியில் கீறித் திட்டம் போட்டவன் லவன். அடுத்த நாள் காலை அந்தத் துண்டு வீடியோ எங்கும் பரவிக் கிடந்தது. அதற்குக் கீழே எழுதியிருந்த பந்தியில் நிஷியின் பெயர் ஏழு தடவை வந்தது. லவனின் பெயர் ஒரு தடவை, அதுவும் எழுத்துப் பிழையோடு.

வயிற்றுக்குள் ஏதோ சுருக்கென்றது. பசியாக்கும் என்று எழும்பிப் போய்ப் பாண் சாப்பிட்டான். பசி இல்லை என்று சாப்பிட்ட பிறகுதான் விளங்கியது.

பிறகு அது வளர்ந்தது. பேட்டிக்கு நிஷியைக் கூப்பிடுவார்கள்; மொழி உதவிக்கு லவன் பக்கத்தில் இருப்பான். படத்தில் லவனின் தோள் மட்டும் விழும். அணியின் சட்டை விற்கும் மேசையில் நிஷியின் பெயர் போட்ட சட்டை முதல் மணித்தியாலத்திலேயே முடிந்துவிடும். நிஷி கெட்டவனாக இருந்திருந்தால் லவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவனோ தான் குடித்த கோப்பையோடு லவனின் கோப்பையையும் சேர்த்துக் கழுவி வைப்பான். பேட்டிகளில் "கப்டன் சொன்னார், நான் செய்தேன்" என்று தன் அரைகுறை ஜேர்மனில் சொல்வான். அதைப் பணிவு என்று எல்லாரும் இன்னும் கூடப் புகழ்வார்கள்.

அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு வீடு போக நிஷிக்கு வழி இல்லை. பிரபாலினி தொலைபேசியில் விடவேயில்லை.

"தனிய விட்டுட்டு வராதை தம்பி. கூட்டிக்கொண்டு வா. ஆர் வீட்டுப் பிள்ளையோ."

எசனுக்கு வந்த நிஷி, லவன் செய்வதைப் பார்த்துப் பார்த்து, புட்டைக் கையால் குழைத்து மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். பிரபாலினிக்கு முகமெல்லாம் சிரிப்பு. சாப்பாடு முடிந்ததும் ஞானசுந்தரம் கதிரையை நிஷிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"கேளடா இவனை. விரல் இவ்வளவு கெதியா ஓடுறதுக்கு என்ன பயிற்சி செய்யிறவன் எண்டு."

லவன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான். நிஷி பதில் சொன்னான். அதையும் மொழிபெயர்த்தான். தகப்பன் அடுத்த கேள்வி கேட்டார். அரை மணித்தியாலம் இப்படியே போனது. இரண்டு வருடமாக இந்த மனுசன் தன்னிடம் கேட்காத கேள்விகளைத் தன் வாயாலேயே இன்னொருவனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான் லவன். அதன்பின் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தால் தாயின் முதல் கேள்வியே, "அந்தப் பிள்ளை சாப்பிட்டதோ?" என்பதாகத்தான் இருக்கும்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு கார்த்திகை மாதம், வென்றால் ஐரோப்பியச் சுற்றுக்குப் போகலாம் என்ற ஆட்டம் எசனில் விழுந்தது. லவனின் சொந்த ஊர். தாயும் தகப்பனும் முதல் தடவையாக மண்டபத்துக்கு வந்தார்கள். மேடையில் இருந்து பார்க்க, நாலாவது வரிசையில் இருவரும் நன்றாகத் தெரிந்தார்கள். பிரபாலினி நல்ல சேலை உடுத்தி, மேலே குளிருக்கான ஜக்கெட் போட்டிருந்தா. கையில் ஒரு மஞ்சள் அட்டையைத் தூக்கிப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தா. அட்டையில் ஜப்பானிய எழுத்து. நிஷியின் பெயர் அது என்று லவனுக்குத் தெரியும். நிஷி மவுஸுக்குக் கீழே விரிக்கிற பாயிலும் அதே எழுத்துத்தான்.

ஆட்டம் சரிசமமாகப் போய்க் கடைசிச் சுற்றுக்கு வந்தது. லவன் மேல்தளத்தில் இருந்து காவல் பார்க்கிறான். நிஷி கீழே, படிக்கட்டுக்கு முதுகு காட்டியபடி கதவைக் குறிவைத்து நிற்கிறான். அந்த நேரம் இரண்டு நிழல் படிக்கட்டுப் பக்கம் ஓடுவதை லவன் கண்டான். அவன் மட்டும்தான் கண்டான்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. சொன்னால் நிஷி திரும்புவான். இரண்டு பேரையும் வீழ்த்துவான். மண்டபம் எழும்பி நின்று அவன் பெயரைக் கத்தும். நாலாவது வரிசையில் மஞ்சள் அட்டை இன்னும் உயரும். இதை அவன் இப்படி ஒழுங்காக யோசிக்கவில்லை. அந்தக் காட்சி முழுதாகக் கண்ணுக்கு முன் வந்து நின்றது, அவ்வளவுதான். பிறகு சொன்னான்.

"ட்ரெப்பெ!"

இரண்டு விநாடி பிந்திவிட்டது. அவன் சொல்லி வாய் மூட முன் நிஷி விழுந்தான். அணி தோற்றது.

மேடைக்குப் பின்னால் நிஷி ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டான். லவனுக்கு முன்னால் அதிக நேரம் குனிந்து நின்றான்.

"எனக்குக் கேட்டது, கப்டன். நீ சொன்னது கேட்டது. என் தலை மெதுவாக விளங்கிக்கொண்டது. மன்னித்துக்கொள்."

"பரவாயில்லை," என்றான் லவன். "எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

இந்த ஒரு பதிலைத்தான் பின்னாளில் அவனால் தாங்க முடியாமல் போனது. பிந்திச் சொன்னதைக்கூடக் கை தவறியது போல ஒன்று என்று தனக்குள் சமாளிக்கலாம். 'பரவாயில்லை' என்றதை அப்படிச் சமாளிக்க முடியவில்லை.

மொழிப் பிரச்சினை என்று ஃபீட்லர் முடிவுகட்டினார். தை மாதத்தில் நிஷியை மாற்று ஆட்டக்காரன் ஆக்கினார்கள். கோடையில் ஆதரவு தந்த கம்பனி விலகிக்கொள்ள அணியே கலைந்தது. லவன் எசனுக்குத் திரும்பி, இருபத்தைந்து வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து லிஃப்ட் வேலைக்கு அவுஸ்பில்டுங் செய்தான். மூன்றரை வருடப் பயிற்சி. முடிந்த கையோடு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்த யதுசாவைக் கலியாணம் கட்டினான். குறை சொல்ல முடியாத வாழ்க்கை. நிஷி மட்டும் ஜப்பானுக்குத் திரும்பிப் போய், எங்கோ மறைந்து, சராசரி மனுசனாகியிருந்தால் லவன் அவனை மறந்தே போயிருப்பான்.

நிஷி திரும்பிப் போகவில்லை. ஜப்பானியர் நிறையப் பேர் இருக்கிற டுசல்டோர்ஃபுக்குப் போனான். எசனில் இருந்து ரயிலில் அரை மணித்தியாலம். அங்கே ஒரு ஜப்பானியப் பேக்கரியில் விடியற்காலை மா பிசைந்தான். வேலை முடிந்து வந்து மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கமராவுக்கு முன்னால் இருந்து விளையாடத் தொடங்கினான். இங்கே பன்னிரண்டு என்றால் ஜப்பானில் இரவுச் சாப்பாடு முடிந்து சனம் ஆறுதலாக இருக்கிற நேரம். விளையாடிக்கொண்டே கதைத்தான். தனக்கு வந்த ஜேர்மன் அரசாங்கக் கடிதங்களைக் கமராவுக்குக் காட்டி, இதில் என்ன இருக்கும் என்று பார்க்கிறவர்களை ஊகிக்கச் சொன்னான். நீண்ட ஜேர்மன் சொற்களை வாசித்துத் தடக்கி விழுந்தான். அந்தத் தடக்கலுக்காகவே சனம் வந்தது. முதலில் முந்நூறு, பிறகு மூவாயிரம். இரண்டு வருடத்தில் பேக்கரியை விட்டான். டுசல்டோர்ஃப் ரயில் நிலையத்தில் குளிர்பான விளம்பரம் ஒன்றில் அவன் முகம் ஆள் உயரத்துக்கு நின்றது. லவன் வேலைக்காக அந்த நிலையத்தால் போகும்போதெல்லாம் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பான்.

ஒருநாள், மொழிபெயர்ப்பு வரிகள் போட்ட துண்டு வீடியோ ஒன்று அகப்பட்டது. ஏன் போட்டி ஆட்டத்தை விட்டாய் என்று யாரோ கேட்டிருந்தார்கள். நிஷி சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். கீழே வரிகள் ஓடின. 'எனக்கு நல்ல கப்டன் ஒருவர் இருந்தார். சரியான நேரத்தில் சொன்னார். என் தலைதான் பிந்தியது. மற்றவர் சொல்லை நம்பி விளையாட நான் லாயக்கில்லை என்று அன்றைக்கு விளங்கியது. அதுதான் தனியாக விளையாடுகிறேன்.'

லவன் அதைப் பதினோரு தடவை பார்த்தான். பன்னிரண்டாவது தடவை யதுசா பின்னால் வந்து நின்றாள்.

"திரும்பவும் இவனோ? உங்களுக்கு இவனிலை என்ன இவ்வளவு எரிச்சல்?"

"எரிச்சல் ஒண்டுமில்லை."

"எரிச்சல் இல்லாத ஆள் சும்மா பார்த்துச் சிரிச்சிட்டுப் போயிருக்கும். நீங்கள் பல்லைக் கடிச்சுக்கொண்டு பார்க்கிறியள். நான் பல்லு வைத்தியரிட்டை வேலை செய்யிறன், எனக்குத் தெரியும்."

அவன் தொலைபேசியை அணைத்து வைத்தான்.

போன பங்குனியில் டுசல்டோர்ஃபில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தது. அந்தப் பக்கம் பார்க்கிறவன் சுகயீனம். லவனை அனுப்பினார்கள். வாசலில் அழைப்பு மணிப் பெயர்களுக்குள் 'நிஷிவாகி' என்று கண்டதும் திரும்பி வான் வண்டியில் ஏறிவிடலாமா என்று நினைத்தான். ஆனால் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை வேலைதான். நாலாம் மாடிக் கதவைத் திறந்து, குழிக்குள் தலையை விட்டு, கையெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு நின்றவனுக்குப் பின்னால் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பழைய பேப்பர் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிஷி இறங்கி வந்தான்.

"கப்டன்!"

பேப்பர் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, கிறீஸ் பூசிய கையைப் பார்த்தும் பொருட்படுத்தாமல் பிடித்தான். அவனுடைய ஜேர்மன் இப்போது எவ்வளவோ தேறியிருந்தது. வீடியோவில் தடக்குகிற அளவுக்கு நேரில் அவன் தடக்கவில்லை.

"நீ லிஃப்ட் திருத்துகிறாயா? எவ்வளவு நல்ல வேலை! எல்லாருக்கும் தேவையான வேலை! உன்னை எவ்வளவு தேடினேன் தெரியுமா? என்னைப் பார்க்கிற ஆட்கள் எல்லாருக்கும் உன்னைத் தெரியும். சனிக்கிழமை வா. கமராவுக்கு முன்னால் என்னோடு இருந்து பேசு."

அவன் உண்மையாகவே சொன்னான். அதுதான் லவனுக்கு எரிந்தது. நல்ல வேலை என்று அவன் சொன்னதில் துளி ஏளனம் இருந்திருந்தாலும் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை, உடுப்பு மடித்துக்கொண்டிருந்த யதுசாவிடம் லவன் எல்லாவற்றையும் சொன்னான். மஞ்சள் அட்டை, இரண்டு விநாடி, பரவாயில்லை. அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கட்டிலில் வைத்தாள்.

"அப்ப அந்த மனுசன் ஆறு வருசமாத் தன்னைத்தானே மொக்கன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறான்?"

"ஓம்."

"நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு சோறு சாப்பிட்டிருக்கிறியள்."

அவள் மீதி உடுப்பையும் மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். காலையில் அவனுடைய சட்டை அழுத்திக் கதவில் கொழுவியிருந்தது.

நிஷியின் வீட்டுக்குப் பதினொரு மணிக்கே போய்விட்டான். நிஷி தேநீர் ஊற்றிக் கொடுத்தான். சமையலறை மேசையில் எதிரெதிராக இருந்தார்கள். லவன் கோப்பையைத் தொடவில்லை.

"எசன் ஆட்டத்தில் நான் சரியான நேரத்தில் சொல்லவில்லை."

"எப்போது?"

"கடைசிச் சுற்றில். அவர்கள் படிக்கட்டுக்கு ஓடினதை நான் கண்டேன். கண்டு இரண்டு விநாடிக்குப் பிறகுதான் சொன்னேன். வேண்டுமென்றே. உன் தலை பிந்தவில்லை. நான்தான் பிந்தினேன்."

நிஷி சிரித்தான். பகிடி என்று நினைத்தான் போலும். பிறகு லவனின் முகத்தைப் பார்த்தான். எழும்பிப் போய் ஜன்னலடியில் நின்றான்.

"நான் இரண்டு தரம் காது பரிசோதனைக்குப் போனேன்," என்றான் வெளியே பார்த்தபடி. "காது நல்லம் என்றார் டொக்டர். அப்போது மூளையில்தான் ஏதோ என்று நினைத்தேன். ஜேர்மன் வகுப்பை இடையில் விட்டேன். இரண்டு அணி என்னைக் கூப்பிட்டது, தெரியுமா? ஒன்று பெர்லினில். முடியாது என்று சொல்லிவிட்டேன். மற்றவர்களை ஏன் ஏமாற்ற வேண்டும் என்று."

"தெரியாது."

"அந்த ஆட்டத்தில் உன் திரையின் படமும் எங்கள் குரலும் சேர்ந்த பதிவு என்னிடம் இருக்கிறது. ஒரு தரமும் திறக்கவில்லை. கேட்கப் பயம்."

பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம் இருந்தது. நிஷி பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். உள்ளே அவன் ஜப்பானிய மொழியில் வணக்கம் சொல்லித் தொடங்குவது கேட்டது. அதே உற்சாகக் குரல். லவன் ஆறின தேநீருக்கு முன்னால் இருந்தான். எழும்பிப் போய்விடலாம், யாரும் மறிக்கப் போவதில்லை. பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது.

"இங்கே வந்து சொல்லு. அவர்களுக்கு நான் ஆறு வருடமாகப் பொய் சொல்லியிருக்கிறேன். நீ வந்து திருத்து."

லவன் போய் இருந்தான். இரண்டு பக்கமும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஜேர்மனில் ஒவ்வொரு வசனமாகச் சொன்னான். நிஷி ஒவ்வொன்றாக ஜப்பானிய மொழியில் சொன்னான். 'நான் கண்டேன்.' 'நான் சொல்லவில்லை.' லவனின் குற்றம் நிஷியின் வாயால் வந்துகொண்டிருந்தது. பதிவையும் ஓடவிட்டான். படத்தில் இரண்டு நிழல் ஓடியது. ஒலியில் ஒன்றும் இல்லை. பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, இருபத்து நாலு வயது லவன் கத்தினான். நிஷி முகத்தைக் கையால் பொத்திக்கொண்டான்.

"ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கிறார்கள்," என்றான் பொத்திய கையை எடுத்து.

லவன் மஞ்சள் அட்டையைப் பற்றிச் சொல்லி, உன் மேல் எரிச்சல் என்றான். நிஷி அதை மொழிபெயர்க்காமல் நிறுத்தினான்.

"எது? 'நைட்' ஆ, 'ஐஃபர்சுக்ட்' ஆ?"

ஜேர்மனில் அது இரண்டு சொல். மற்றவனிடம் இருப்பது எனக்கு வேண்டும் என்பது ஒன்று. எனக்குரிய அன்பை அவன் எடுத்துவிடுவானோ என்று எரிவது மற்றது. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த லவனுக்கு இரண்டுமே பொறாமைதான்.

"இரண்டும்," என்றான். "உன் பெயர் எனக்கு வேண்டியிருந்தது. என் அம்மா எனக்கு வேண்டியிருந்தது."

நிஷி அவனைப் பார்த்தபடியே அதை மெதுவாக ஜப்பானிய மொழியில் சொன்னான். திரையில் எழுத்துகள் ஆற்று வெள்ளமாக ஓடின. திட்டுகிறார்களா, இரக்கப்படுகிறார்களா என்று லவனுக்குத் தெரியாது. மூலையில் இருந்த எண் மட்டும் விளங்கியது. நாற்பத்தாறாயிரம். நிஷி இதுவரை கண்டிராத எண். அந்த வெட்கத்துக்கு நடுவிலும், வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்த அந்தக் கணத்திலும், என் மானம் போவதிலும் உயர்வது இவன்தானே என்று லவனுக்கு ஒருதரம் எரிந்தது. அதைச் சொல்லவில்லை. ஒரு நாளுக்கு அவ்வளவும் போதும்.

வாசலில் வைத்து நிஷி கை கொடுக்கவில்லை.

"கொஞ்சக் காலத்துக்கு இங்கே வராதே."

"எவ்வளவு காலம்?"

"தெரியாது. நான் இன்னும் கோபப்படத் தொடங்கவில்லை. அது முதலில் வரட்டும்."

மூன்று நாளில் அந்தத் துண்டு வீடியோ எல்லா இடமும் போய்விட்டது. லவனின் ஒன்றுவிட்ட தங்கச்சி ஆதிரை பார்த்து, தன் பெரியம்மாவான பிரபாலினிக்குக் காட்டிவிட்டாள். பிரபாலினி தொலைபேசி எடுத்தா. லவன் தலையில் கை வைத்துக்கொண்டு, தாய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"அந்த மஞ்சள் அட்டையைப் பற்றியும் சொன்னனியாம்."

"ஓம் அம்மா."

"வாசலிலை ஒரு பொடிச்சி எல்லாருக்கும் குடுத்துக்கொண்டு நிண்டது. என்ரை பிள்ளை விளையாடுதெண்டு சொன்னன், உடனை கையிலை தந்தது. எழுத்து எனக்கு விளங்கேல்லை. நான் உன்ரை பேராக்கும் எண்டுதான் அவ்வளவு நேரமும் கை நோகத் தூக்கிப் பிடிச்சனான்."

லவன் வான் வண்டியின் கதவில் சாய்ந்தான்.

"கேட்டிருக்கலாமேயடா," என்றா தாய். "ஒருக்கா வாய் திறந்து கேட்டிருக்கலாமே." பிறகு, "அந்தப் பிள்ளையிட்டைப் போய்த் திரும்பவும் மன்னிப்புக் கேள்," என்றா. அந்தப் பிள்ளை. அப்போதும் அவனுக்குக் கொஞ்சம் எரிந்தது.

மத்தியானத்தில் பார்க்கிற பழக்கம் தானாக நின்றுபோனது. வேலையிடத்தில் இரண்டொருவர் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஆட்கள் கண்டபடி எழுதியதை அவன் வாசித்து, அதில் பாதி உண்மை என்று விட்டுவிட்டான். நிஷிக்கு ஒரு கடிதம் எழுதினான், ஜேர்மனில், கையால், இரண்டு பக்கம். பதில் ஆடி மாதம்தான் வந்தது. தொலைபேசியில் ஒரு வரி. 'கோபம் வந்தது. இப்போது குறைகிறது. நான் ஓர் அணியில் சேர்ந்துவிட்டேன்.'

இருபத்தெட்டு வயதில் திரும்பிப் போவது அந்த விளையாட்டில் கிழவன் ஆனபிறகு போவது மாதிரி. இரண்டாம் தரப் போட்டியில் ஆடுகிற சின்ன அணி. ஜேர்மன் மொழியில்தான் சொற்கள். ஐப்பசியில் டோர்ட்மண்டில் ஆட்டம் என்று கேள்விப்பட்டதும் லவன் இரண்டு சீட்டு வாங்கினான். யதுசா வந்தாள், வேலைக்கு அடுத்த நாள் விடியப் போகவேண்டியிருந்தும்.

இருநூறு பேர்கூட இல்லாத மண்டபம். அணியின் கப்டன் பிரேமனைச் சேர்ந்த அன்னிகா என்ற பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். முக்கியமான சுற்றுகளில் ஆட்டக்காரர் பேசுவதை ஒலிபெருக்கியில் விட்டார்கள். அவளுடைய குரல் தெளிவாக வந்தது. அவள் இடம் என்றால் திரையில் நிஷியின் ஆள் இடப்பக்கம் திரும்பினான். பொறு என்றால் நின்றான். அவனுடைய கை முன்னைப் போல இல்லை. இரண்டு தடவை மிகச் சுலபமான சூட்டைத் தவறவிட்டான். ஆனால் சொல்லுக்கும் திரும்புதலுக்கும் இடையில் ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. அவள் சொல்ல வாய் எடுக்க முன்னமே திரும்புகிறானோ என்று பட்டது.

அணி மயிரிழையில் தோற்றது. நிஷி தலையணி ஒலிவாங்கியைக் கழற்றிவிட்டு அன்னிகாவைப் பார்த்து என்னவோ சொல்ல, இருவரும் சத்தமாகச் சிரித்தார்கள். பிறகு கம்பித் தடுப்போரம் நின்றவர்களுக்கு ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டு வந்தான். லவனுக்கும் கொடுத்தான். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே அளவு நேரம். "வந்ததற்கு நன்றி," என்றான், அடுத்த ஆளிடம் போனான்.

திரும்பி வரும் ரயிலில் யதுசா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் அவனிலை எரிச்சலோ?"

"அவனிலை இல்லை," என்றான் லவன். சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனால் சொன்னான். "அந்தப் பிள்ளையிலை. அன்னிகாவிலை. அவன்ரை பக்கத்திலை இருந்து சொல்லுறது அவளெல்லோ."

யதுசா சிரிக்கவில்லை. தன் கையுறையைக் கழற்றிவிட்டு அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ரயில் எசனுக்கு ஒன்பது நிமிடம் பிந்தி வந்தது.